அழைப்பு எல்லோருக்கும் போய்ச் சேர: எல்லையோரக் கலைக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லை வட்டாரத்தில் கச்சேரியோ நாடகமோ கூத்தோ, கண்யார்களி என்கிற பாலக்காட்டு நாட்டார் ஆட்டமோ நடத்துகிற கமிட்டிக்காரர்கள், விளம்பர வேலை தொடங்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நோட்டீஸ், போஸ்டர், வாட்ஸ்அப், மைக் வண்டி, டிக்கெட் பதிவு ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி செய்வது பற்றித்தான் பேச்சு. மேடையும் அரங்கும் கட்டுவது தனிக் கதை.

எங்கள் நிகழ்ச்சிக்கு மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதே இல்லையே. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்?

அவர்களுக்குச் சேதி போனதா என்று முதலில் பாருங்கள். போஸ்டர் சுவரில் இருக்கிறது. பார்வையற்றவருக்கு அது வெறும் சுவர். மைக் வண்டி தெருத் தெருவாகப் போகிறது. காது கேளாதவர் வீட்டு வாசலையும் கடந்துதான் போகிறது. நோட்டீஸில் இருப்பது ஒரே ஒரு போன் நம்பர். பேச முடியாதவர் அதை வைத்து என்ன செய்வார்? சில இடங்களில் சாய்தளம் கட்டியிருப்பார்கள், ஆனால் நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. சக்கர நாற்காலியில் இருப்பவர் "அங்கே எப்படியும் படி இருக்கும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அடுத்த ஆண்டு கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "சாய்தளம் கட்டினோம், ஒருத்தரும் வரவில்லை" என்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர், கேரளத்தில் 7.61 லட்சம் பேர். வயதாகிப் பார்வை மங்கியவர்களிலும் காது மந்தமானவர்களிலும் பலர் தங்களை இந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்வதே இல்லை. நம் கச்சேரிகளின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

சட்டப்படி கட்டாயமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 29ஆம் பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு பற்றியது. கலையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி செய்வது அரசின், உள்ளாட்சியின் பொறுப்பு என்கிறது. 42ஆம் பிரிவு ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களைப் பற்றியது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அதன் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் (மாற்றுத்திறனாளிகளுக்கும் எல்லாம் எட்டும்படி செய்வதற்கான விதிகள்) வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நம் ஊர்க் கமிட்டி மீது நாளைக்கே யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் அரசு உதவிப்பணம் வாங்குகிற சபாவும் நகராட்சி மண்டபத்தை எடுத்து நடத்துகிற குழுவும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

போஸ்டரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறோமே, போதாதா?

போதாது. போஸ்டர் என்பது ஒரு படம். பார்வையற்றவர் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் திரையை வாசித்துச் சொல்லும். எழுத்தாக இருப்பதை அது நன்றாக வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குப் பெரும்பாலும் பிடிபடாது. "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வடிவமைத்த போஸ்டர் அவருக்கு அந்த ஒரு சொல்தான்.

செய்ய வேண்டியது எளிது. போஸ்டரை அனுப்பும்போது அதன் கீழேயே எல்லா விவரத்தையும் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். இப்படி (தோல்பாவைக்கூத்து என்பது தோலில் செய்த பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் கூத்து, கூத்துமாடம் அது நடக்கும் மேடை):

"தோல்பாவைக்கூத்து. கம்பராமாயணம், கும்பகர்ணன் போர். மார்ச் 7, சனிக்கிழமை, இரவு 9 மணி முதல் விடியும்வரை. பகவதி கோயில் கூத்துமாடம். அனுமதி இலவசம். கோயில் மைதானம் மண் தரை, படி இல்லை. மெயின் ரோட்டிலிருந்து கூத்துமாடம் வரை ஆட்டோ வரும். விவரத்துக்கு இந்த எண்ணுக்கு போன் செய்யலாம், வாட்ஸ்அப்பில் எழுதியும் கேட்கலாம்."

விளக்கு, பூ, கைகூப்பு என்று வரிக்குப் பத்து சின்னம் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சில போன்களில் அது ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள்" என்று கேட்டு முடித்த பிறகுதான் தேதி வரும். ஒன்று போதும், அதுவும் கடைசியில்.

தேதியை 7/3 என்று எழுதாமல் மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் கேட்பவருக்கும் படிப்பவருக்கும் குழப்பமில்லை.

டிடிபி சென்டரில் அடித்த தமிழை அப்படியே நகலெடுத்து அனுப்பலாமா?

அது எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேளுங்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில், திரையில் தமிழ் மாதிரி தெரிவதெல்லாம் கணினிக்கு ஆங்கில எழுத்துதான். "தமிழ்" என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. வாசிப்பு மென்பொருள் அதை அப்படியே உளறும். மலையாளத்திலும் பழைய ஐஎஸ்எம் எழுத்துருக்களில் இதே பாடுதான். யூனிகோடில், அதாவது எந்தக் கருவியும் தமிழைத் தமிழாகவே அறியும் முறையில், அடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய கோப்பு என்றால் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

பிடிஎஃப் அழைப்பிதழும் இப்படித்தான். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. கோணல்மாணலாக வந்தால், அல்லது நகலெடுக்கவே முடியாவிட்டால், பார்வையற்றவருக்கு அந்தக் கோப்பால் பயனில்லை.

தமிழில் போடுவதா, மலையாளத்தில் போடுவதா?

இரண்டிலும். இந்தப் பக்கத்துக்கு இது பொது விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் அணுகலோடு நேராகச் சேர்ந்தது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டும் படித்தவர்கள் இங்கே ஏராளம். கேரளப் பள்ளியில் படித்த காது கேளாத பிள்ளைக்கு எழுத்து என்றாலே மலையாளமாக இருக்கலாம், அம்மா அப்பா தமிழர்களாக இருந்தாலும்.

ஆனால் இரண்டு மொழியையும் ஒரே போஸ்டரில் திணிக்காதீர்கள். இரண்டுமே பொடியாகிப் போகும். இரண்டு போஸ்டராகவோ, நோட்டீஸ் என்றால் முன்பக்கம் பின்பக்கமாகவோ போடுங்கள். வாட்ஸ்அப் செய்தியிலும் ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுத்தையும் கலந்தால் வாசிப்புக் குரல் தடுமாறும். தனித்தனிச் செய்தியாக அனுப்புங்கள். இணையப் பக்கம் இருந்தால் எந்தப் பக்கம் எந்த மொழி என்று உள்ளே குறிக்கச் சொல்லுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை முழுங்கிவிட்டுப் போகும்.

இதோடு ஒரு நிமிஷக் குரல் பதிவு ஒன்றும் அனுப்புங்கள். பார்வையற்றவருக்கும் எழுத்துத் தெரியாதவருக்கும், தமிழ் புரியும் ஆனால் மலையாளம் மட்டுமே படிக்கத் தெரியும் என்கிறவருக்கும் அதுவே போதும். குரூப்பில் அதிகம் பகிரப்படுவதும் பெரும்பாலும் அந்தக் குரல் பதிவுதான்.

போஸ்டரில் எழுத்தும் நிறமும் எப்படி இருக்க வேண்டும்?

கோபுரப் படத்தின் மேலே மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பு நிழல், ஓரத்தில் தங்க ஜிகினா. நம் போஸ்டர் இலக்கணம் இது. பார்வை குறைந்தவருக்கு அதில் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். "ன"வும் "ண"வும் ஒன்றாகிவிடும், மெய் உயிர்மெய்யாகிவிடும். அலங்காரம் மேல் பாதியில் இருக்கட்டும். தேதி, நேரம், இடம், நம்பர் நான்கும் கீழே ஒரே நிறப் பின்னணியில் பட்டையாக வரட்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவிலான வலை அணுகல் வழிகாட்டுதல். பெரிய எழுத்துக்கு 3க்கு 1. அளந்து சொல்லும் இலவசப் பக்கங்கள் உண்டு. அது கையில் இல்லாவிட்டால் போஸ்டரை கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். பச்சை மேல் சிவப்பு எழுதியவர் அப்போது தலையில் கை வைப்பார். நோட்டீஸ் எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல் இருக்கட்டும். கேட்பவர்களுக்குத் தர 18 புள்ளியில் பத்து பிரதி தனியாக எடுத்து வையுங்கள். முதலில் காலியாவது அந்தப் பிரதிதான்.

படத்துக்கு விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தோடு மாற்றுரை எழுதத் தனி இடம் உண்டு. "நிகழ்ச்சிப் புகைப்படம்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். போனில் நண்பரிடம் சொல்வதாக நினைத்து எழுதுங்கள்: "விளக்கொளியில் வெள்ளைத் திரை. இடப்பக்கம் பத்துத் தலையோடு இராவணனின் நிழல். வலப்பக்கம் வில்லேந்திய இராமன். பாவைத் தோலில் குத்திய துளைகள் வழியே ஒளி புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறது." நான்கு வரி. பார்க்கிறவர் எதற்காக அந்தப் படத்தில் நின்றாரோ அது இதில் வந்துவிட்டது.

மேடையில் எட்டுப் பேர் சால்வையோடு நிற்கும் படத்துக்கு யாருடைய சால்வை என்ன நிறம் என்று எழுத வேண்டாம். பெயர்கள் போதும்.

யூடியூப்பில் டிரெய்லர் போடுகிறோம். அதற்கு?

பேச்சைத் திரையின் கீழே காட்டும் எழுத்து வரி (சப்டைட்டில்) கட்டாயம். தானாக உருவாகும் வரிகளை நம்பி விடாதீர்கள். பாலக்காட்டுத் தமிழும் பாட்டும் செண்டையும் கலந்த ஒலியில் அது என்ன வேண்டுமானாலும் எழுதும். ஒரு நிமிஷ வீடியோவுக்கு நீங்களே அடித்துவிடலாம். பேச்சை மட்டும் எழுதாமல் "நாதஸ்வரம்", "கூட்டம் சிரிக்கிறது" என்பதையும் குறியுங்கள். வீடியோவின் கடைசியில் இசைமேல் தேதியும் இடமும் எழுத்தாக மட்டும் ஓடுவது வழக்கம். அதை ஒருவர் வாயால் சொல்லட்டும், பார்வையற்றவருக்கும் சேரும்.

சைகை மொழியில் ஒரு சிறு அழைப்பு வீடியோ எடுத்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் பயன்படும். இந்திய சைகை மொழிக்குத் தமிழ், மலையாளம் என்ற பிரிவு கிடையாது, ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறலாம். திருவனந்தபுரத்தில் நிஷ் என்கிற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், 2015இல் டில்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு பயிற்சி மையமும் இந்தத் துறையில் ஆளெடுத்துப் பயிற்றுகின்றன. காது கேளாதவர் ஒருவரே அழைப்பைச் சொன்னால் இன்னும் நல்லது. கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். பூப்போட்ட சட்டை வேண்டாம்.

விளக்கு வெட்டி வெட்டி மின்னும் காட்சிகளை நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போகாமல் பாருங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

மைக் வண்டியை விட்டுவிடலாமா?

விடவே வேண்டாம். பார்வையற்றவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. மெதுவாகச் சொல்லுங்கள், பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், நம்பரை இரண்டு தடவை சொல்லுங்கள்.

பிரெய்லில் அச்சடிக்க வேண்டுமா?

கேட்டால் மட்டும். இப்போது பலர் போனில்தான் கேட்கிறார்கள். இசை விழாவின் பாட்டுப் பட்டியல் மாதிரி கையில் வைத்து அடிக்கடி பார்க்கிற விஷயத்துக்குப் பிரெய்ல் நல்லது. 1951இல் வந்த பாரதி பிரெய்லில் இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளி வடிவம். மலையாளப் பிரெய்ல் படித்தவர் தமிழ்ப் பக்கத்தை விரலால் தடவி ஒலி கூட்டிப் படித்துவிட முடியும். அச்செழுத்தில் நம்மைப் பிரிக்கிற வேலி அங்கே இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இடத்தைப் பற்றி நோட்டீஸில் எவ்வளவு எழுதுவது? குறையை நாமே சொன்னால் கூட்டம் குறையாதா?

குறையைச் சொன்னால் கூட்டம் குறையாது. சொல்லாமல் வரவழைத்து வாசலில் திருப்பி அனுப்பினால்தான் பேர் கெடும். "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு" என்ற வரியை அடித்துவிடுங்கள், அதில் ஒரு தகவலும் இல்லை. நேரில் போய்ப் பார்த்து, எண்ணி எழுதுங்கள்: வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை, பக்கவாட்டு வாசலில் சாய்தளம், கழிப்பறைக்கு ஒரு படி, வீல்சேர் உள்ளே திரும்பாது. சாய்தளம் ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளம் ஓட வேண்டும் என்பது அளவு. மரப்பலகையைச் சாய்த்துப் போட்டு அதைச் சாய்தளம் என்று நோட்டீஸில் போடுவது ஆளை விழவைக்கிற வேலை.

பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து எவ்வளவு தூரம், ஆட்டோ எதுவரை வரும், முடியும் நேரத்தில் திரும்பிப் போக பஸ் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். தேர் நாளில் கல்பாத்தி மாதிரி நெரிசல் என்றால் எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று சொல்லுங்கள். கோயிலுக்குள் வீல்சேர் விடமாட்டார்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதி, வெளியே திரை வைத்திருந்தால் அது எங்கே என்றும் சேர்த்து எழுதுங்கள். நல்ல வழி எது என்றால், வீல்சேரில் வரும் ஒருவரை முன்கூட்டியே அழைத்துப் போய்க் காட்டி அவர் சொன்னதை எழுதுவது.

தோல்பாவைக்கூத்து நிழல்தானே? பார்வையற்றவரை எதற்கு அழைப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கூத்தைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருப்பார், காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். கம்பன் பாட்டைப் பாடி, அதற்கு உரை சொல்லி, வாதம் செய்து, கிளைக்கதைக்குப் போய்த் திரும்பி வருவதுதான் கூத்து நடத்தும் புலவர்களின் வேலையில் பெரும்பங்கு. பாவை சில நேரம் வெகுநேரம் அசையாமலே நிற்கும், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பார்வையற்றவருக்கு இதைவிடத் தோதான இரவுக் கலை நம் பக்கத்தில் எது?

அதனால் விளம்பரத்தில் எந்த இரவு எந்தக் கதைப் பகுதி என்று பட்டியல் போடுங்கள். ஏழு, பதினான்கு, இருபத்தோரு இரவு என்று நடக்கிற கூத்தில் எல்லா இரவும் யாரும் வரமாட்டார்கள். முக்கியமான காட்சி உத்தேசமாக எத்தனை மணிக்கு என்றும் சொன்னால், துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவர் திட்டமிடுவார். கூத்துத் தொடங்கும் முன் பாவைகளைத் தொட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று புலவரிடம் கேளுங்கள். முன்பு மான் தோல், இப்போது ஆட்டுத் தோல். துளைகளின் வரிசை விரலுக்கு நன்றாகப் பிடிபடும். கோயில் சடங்காக நடக்கும் இடத்தில் அவர் மறுக்கலாம், அதை மதிக்க வேண்டும். சம்மதித்தால் அந்த நேரத்தை நோட்டீஸில் போடுங்கள். போடாவிட்டால் தற்செயலாகச் சீக்கிரம் வந்தவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

காது கேளாதவருக்கு நிலைமை தலைகீழ். நிழல் தெரியும், கதை தெரியாது. பாவைகளின் படமும் பெயரும் எளிய நடையில் கதைச் சுருக்கமும் உள்ள ஒரு தாளை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 21 விளக்குகளும் திரைக்குப் பின்னால் இருப்பதால் மைதானம் இருட்டு. சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றால் அவர் கை தெரிய ஒரு சிறிய விளக்கு தனியாக வேண்டும். கூத்துமாடம் 42 அடி நீளம். அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்பே சொல்லிவிட்டால் வருகிறவர்கள் அந்தப் பக்கமே உட்காருவார்கள்.

செண்டை, வெடி பற்றியெல்லாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா?

ஆமாம். ஆட்டிசம் உள்ள பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். "இரவு 8 மணிக்கு வெடி, பத்து நிமிஷம்" என்று ஒரு வரி போதும். சத்தம் எட்டாத ஓர் அறையோ மரத்தடியோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பிள்ளை எழுந்து நடந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள் என்று எழுதினால் வரத் துணிவார்கள். எழுதிவிட்டு முறைக்காமலும் இருக்க வேண்டும்.

டிக்கெட் பதிவில் என்ன பார்க்க வேண்டும்?

போன், வாட்ஸ்அப், நேரில் வாங்கும் கடை ஆகிய மூன்றும் இருக்கட்டும். க்யூஆர் கோடு மட்டும் போட்ட போஸ்டர் பார்வையற்றவருக்குப் பயன்படாது. வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் படிவமும் வேண்டாம். சாதாரண கூகுள் படிவம் வாசிப்பு மென்பொருளோடு ஓரளவு ஒத்துப்போகும். படிவத்தில் "என்ன குறைபாடு" என்று கேட்காதீர்கள்; "உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை" என்று கேளுங்கள். துணைக்கு வருபவருக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிக் கலைஞர் பாடுகிறார். விளம்பரத்தில் அதை எப்படிச் சொல்வது?

அவர் என்ன பாடுகிறார் என்று சொல்லுங்கள். "குறையை வென்ற" என்ற தொடக்கமும் கண்ணீர் வரவழைக்கும் பின்னணி இசையும் வேண்டாம். 2024 ஜூலையில் ஒரு திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றமே, மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகவோ அதீத சாதனையாளர்களாகவோ மட்டும் காட்டும் போக்கைக் கண்டித்து வழிகாட்டுதல் தந்திருக்கிறது. படத்தை அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியபின் போடுங்கள்.

எங்களிடம் காசு இல்லை. எதை முதலில் செய்வது?

எழுத்துச் செய்தி, குரல் பதிவு, படிகளை எண்ணி எழுதுவது, வாட்ஸ்அப் நம்பர். நான்குக்கும் செலவில்லை. காசு வந்தால் அடுத்தது சைகை மொழிபெயர்ப்பாளர்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று யாரிடம் காட்டுவது?

பயன்படுத்தப் போகிறவர்களிடம். போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் ஒரு பார்வையற்றவர், ஒரு காது கேளாதவர், ஒரு வீல்சேர்க்காரர் பார்க்கட்டும். பக்கத்து ஊர்களில் சங்கங்கள் இருக்கும், சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் கைகாட்டுவார்கள். வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுக்கிறோம் அல்லவா, இவர்களுக்கும் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்புவது கூலி ஆகாது.

மழை வந்து நிகழ்ச்சி ரத்தாகிவிட்டால்?

முதல் போன் மாற்றுத்திறனாளிகளுக்குத்தான் போக வேண்டும். மற்றவர் வந்து பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பிவிடுவார். இவர் ஆட்டோ பேசி, துணைக்கு ஒருவரை லீவு போடவைத்துக் கிளம்பியிருப்பார். பதிவு செய்தவர்களில் ஏற்பாடு கேட்டவர்களின் பட்டியலைத் தனியாக ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். ரத்து என்றால் காது கேளாதவருக்கு எழுத்தாக, பார்வையற்றவருக்குக் குரலாக, புது தேதி முடிவானதா இல்லையா என்பதையும் சேர்த்து அவர் அனுப்பட்டும். பதில் வராதவர்களுக்கு அரை மணி கழித்து மறுபடி முயலட்டும்.